நீரிலும் நிலத்திலும் ஓடும் குட்டி வண்டிக்கு எந்த டிராக்?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், தண்ணீரில் மிதக்கவும் செய்கிற ஆறு சக்கர, எட்டுச் சக்கர வண்டிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ஒரு பக்கத்து டயர்கள் எல்லாவற்றையும் சுற்றி மாட்டுகிற பட்டையான டிராக். அதனால் இந்த இதழின் பக்கம் முழுக்க அதற்கே. வண்டியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. படகு போல அடிப்பக்கம் மூடிய பிளாஸ்டிக் உடல், பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு குண்டு டயர்கள். திருப்பும்போது சக்கரம் எதுவும் வளையாது; ஒரு பக்கத்துச் சக்கரங்கள் பிரேக் பிடிக்க, மறுபக்கத்துச் சக்கரங்கள் தள்ள, வண்டி சறுக்கியபடி திரும்பும். கனடாவின் ஆர்கோ 1967-லிருந்து இந்த ரகத்தைச் செய்கிறது. இதன் அடிப்படையெல்லாம் பனிக்கும் வடதேசச் சதுப்புக்கும் யோசிக்கப்பட்டவை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பழவேற்காடு ஏரிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிறேன். மழை பிடித்தால் கரையெல்லாம் சகதி, டிராக்டர் உள்ளே வராது. பழைய எட்டுச் சக்கர வண்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ரப்பர் டிராக் மாட்டுவதா, பிளாஸ்டிக்கா? அல்லது வெறும் டயரே போதுமா?
– வாசகர், பொன்னேரி

உங்களுக்கு டிராக் வேண்டும். எது என்று சொல்வதற்கு முன்னால் ஏன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் இதில்தான் இருக்கிறது.

வண்டிக்குக் கிடைக்கிற பிடிமானம் களிமண்ணில் ஒரு விதம், மணலில் வேறு விதம். ஈரக் களிமண்ணில் பிடிமானம் என்பது மண் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டிருக்கும் வலு. அதை எவ்வளவு பரப்பில் பிடிக்கிறீர்களோ அவ்வளவு கிடைக்கும். பரப்பு இரண்டு மடங்கானால் பிடிமானமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உலர்ந்த மணலில் அப்படி இல்லை. அங்கே பிடிமானம் எடையைப் பொறுத்தது, பரப்பைக் கூட்டினால் வண்டி புதையாமல் இருக்கும், அவ்வளவுதான். அந்தப் புதையாமல் இருக்கிற வேலையைக் காற்றுக் குறைத்த டயரே நன்றாகச் செய்துவிடும். ஆகவே டிராக் போட்ட காசு களிமண்ணில் திரும்பி வரும், மணலில் அவ்வளவாக வராது. உங்கள் இடம் களிமண்.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஓட்டுபவரும் தீவன மூட்டையும் சேர்த்து வண்டி 750 கிலோ என்று வையுங்கள். ஒரு டயர் தரையில் பதிகிற இடம் சுமார் 500 சதுர சென்டிமீட்டர் என்றால் எட்டுக்கும் 4,000. சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 190 கிராம் அழுத்தம். இதே வண்டிக்கு 45 சென்டிமீட்டர் அகல டிராக் மாட்டி அது 1.8 மீட்டர் நீளத்துக்குத் தரையில் பதிந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 16,200 சதுர சென்டிமீட்டர். டிராக்கின் எடையைக் கூட்டினாலும் அழுத்தம் 55 கிராமைத் தாண்டாது. 70 கிலோ ஆள் இரண்டு காலையும் ஊன்றி நின்றாலே 170 கிராமுக்குக் குறையாது, நடக்கும்போது ஒரு கால்தான் தரையில் இருக்கும் என்பதால் அது இரட்டிப்பாகும். உங்கள் ஆட்கள் முழங்கால் வரை புதைந்து கூடை தூக்குகிற இடத்தில் இந்த வண்டி மேலே ஓடும் என்பது இதனால்தான்.

சரி, ரப்பரா பிளாஸ்டிக்கா? உங்கள் பண்ணைக்கு என் ஓட்டு பிளாஸ்டிக்குக்கு. இந்த டிராக்குகள் யூஎச்எம்டபிள்யூ என்கிற கெட்டிப் பாலிஎத்திலீனில் துண்டு துண்டாக வார்த்து அல்லது வெட்டிக் கோத்தவை. துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதாலும் பரப்பு வழுக்கலாக இருப்பதாலும் சேறு ஒட்டாமல் உதிர்ந்துவிடும். நம்மூர்க் களிமண்ணில் இது சின்ன விஷயமில்லை. டயருக்கும் டிராக்குக்கும் நடுவே சேறு போய் அப்பிக்கொண்டால் டிராக் உள்ளிருந்து முறுக்கேறும், முறுக்கேறினால் ஒன்று கழலும், இல்லையென்றால் உள்ளே ஓடுகிற செயினையோ பேரிங்கையோ இழுத்துக்கொண்டு போகும். அடுத்தது மிதப்பு. பாலிஎத்திலீன் தண்ணீரைவிடச் சற்று லேசானது, முங்கியிருக்கிற பாதி டிராக் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். ரப்பர் தண்ணீரைவிடக் கனம், அதோடு எட்டுச் சக்கர வண்டியின் அகல ரப்பர் டிராக் ஜோடி நூறு கிலோவைத் தாண்டும். தண்ணீருக்கு மேலே இருக்கிற பாதியின் எடை அப்படியே வண்டியின் தலையில்தான். தரையில் ஏற்றலாம் என்று சொல்லியிருக்கிற பாரத்தைவிடத் தண்ணீரில் ஏற்றலாம் என்று சொல்லியிருக்கிற பாரம் எப்போதும் குறைவு. அந்தக் கணக்கில் டிராக்கின் எடையையும் கழியுங்கள்.

ரப்பருக்கு ஒரே ஒரு இடத்தில் கை தூக்குவேன். சிப்பி ஓடும் சீமைக் கருவேல முள்ளும் நிறைந்த கரையாக இருந்தால், இடைவெளி இல்லாத ரப்பர் பட்டை டயருக்குக் கவசமாக நிற்கும். பிளாஸ்டிக் துண்டுகளின் சந்தில் முள் நுழைந்து டயரைக் குத்தும். கருவேல முள் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரையை முள் இல்லாமல் வெட்டி வைக்க முடியும் என்றால் பிளாஸ்டிக்கே போதும்.

அகலம் பற்றி ஒரு வார்த்தை. 45 சென்டிமீட்டர் அகலம் என்பது முக்கியமாகப் பனிக்காக வந்தது. அகல டிராக் டயரைத் தாண்டி வெளியே துருத்தி நிற்கும், அந்த ஓரம் ஒரு கல்லில் ஏறினால் அச்சை நெம்புகோல் போல வளைக்கும். அதனால்தான் அகல டிராக் மாட்டும்போது அச்சுக்கு வெளிப்பக்கம் கூடுதல் பேரிங் தாங்கி போடச் சொல்கிறார்கள். பண்ணைக் கரைக்கு 33 சென்டிமீட்டர் அகலமே தாராளம். கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிராம் போலத்தான் வரும். குறுகலான கரையில் திரும்பவும் சௌகரியம்.

வாங்குமுன் அளக்க வேண்டியவை: டயரின் அளவு, அச்சுக்கு அச்சு தூரம், டயரின் உட்பக்கத்துக்கும் வண்டி உடலுக்கும் இடையே உள்ள சந்து, டயரின் மேல்பக்கத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள உயரம். ஒரு மாடலுக்குச் செய்த டிராக் இன்னொரு மாடலுக்குப் பொருந்தும் என்று யார் சொன்னாலும், மாட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

2015-லும் 2023-லும் எங்கள் தெரு மூழ்கியது. குடியிருப்போர் சங்கத்தில் காசு போட்டு ஆறு சக்கர வண்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். வெள்ளத்துக்கு டிராக் மாட்டி வைப்பது நல்லதா?
– வாசகர், வேளச்சேரி

வேண்டாம். உங்கள் தெருவில் தண்ணீருக்கு அடியில் இருப்பது தார், கான்கிரீட், நடைபாதைக் கல். சறுக்கித் திரும்புகிற வண்டிக்கு டிராக் மாட்டிக் கான்கிரீட்டில் திருப்பினால், நீளம் முழுக்கத் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுக்கும். அந்தச் சுமை பிரேக்குக்கும், கியர்பாக்ஸுக்கும், அச்சுச் செயினுக்கும் போகும். காற்றுக் குறைவான டயர் அந்த இடத்தில் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். வெள்ளத் தெருவில் இன்னொன்றும் உண்டு: மிதக்கிற துணி, கேபிள் ஒயர், பந்தல் கயிறு. டயரில் சுற்றினால் அரிவாளால் அறுத்து எறியலாம், டிராக்குக்குள் சுற்றினால் கழுத்தளவுத் தண்ணீரில் டிராக்கைக் கழற்றவா முடியும்?

டிராக்குக்கு வைத்திருக்கிற பணத்தில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், நீளமான மூங்கில் கழி, கயிறு, நல்ல தலைவிளக்கு வாங்குங்கள். முன்னால் ஒருவர் கழியால் தரையைத் தட்டிப் பார்த்தபடி போக வேண்டும், திறந்த மேன்ஹோல் வண்டியைக் கவிழ்க்கும். மின்வாரியம் லைனை நிறுத்திவிட்டது என்று உறுதியாகத் தெரியாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். வண்டி தெருவுக்கு மட்டும்தான், ஆற்றுக்கு இல்லை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அடையாறு ஓடிய வேகத்தில் இந்த வண்டி எதிர்த்து நிற்கவே நிற்காது, டிராக் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஏன் என்பதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

டிராக் மாட்டினால் தண்ணீரில் வேகம் கூடும் என்று விற்பவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். வெறும் டயரில் இந்த வண்டிகள் தண்ணீரில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகும், ஆள் நடக்கிற வேகம். டயரின் பள்ளங்கள்தான் துடுப்பு. டிராக்கின் குறுக்குக் கட்டைகள் அதைவிட நல்ல துடுப்பு, அது சரி. ஆனால் டிராக்கின் அடிப்பாதி தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது மேல்பாதி முன்னால் ஓடுகிறது. மேல்பாதியும் முங்கியிருந்தால் அது தண்ணீரை எதிர்ப்பக்கம் தள்ளும், ஒன்றையொன்று பெருமளவு அடித்துவிடும். எனவே வண்டி எவ்வளவு ஆழம் முங்குகிறது என்பதுதான் பெரிய கேள்வி. பாரம் ஏற்றி, மேல் டிராக் வரைக்கும் முங்கவிட்டு, வேகம் இல்லை என்று டிராக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. பாரத்தைக் குறையுங்கள், மேல்பாதி தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும்.

நிஜமாகவே நீந்துவதுதான் உங்கள் வேலை என்றால், பின்னால் தாங்கி பொருத்திச் சின்ன அவுட்போர்டு மோட்டார் மாட்டுங்கள். ஆகாயத் தாமரை மூடிய ஏரி என்றால் மட்டும் பேச்சு வேறு. அங்கே மோட்டார் விசிறியில் தண்டு சுற்றிக்கொள்ளும், டிராக் தாமரையை மிதித்து ஏறிப் போகும். மாநகராட்சி கால்வாய்களில் இறக்குகிற ஆம்பிபியன் இயந்திரங்களை நின்று கவனித்திருக்கிறீர்களா, தாமரைக்கு மேல் எப்படி ஊர்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். குட்டி வண்டியில் செய்தால் அவ்வப்போது நிறுத்தி, டயர் சந்தில் சுருண்ட தண்டுகளைக் கையால் பிடுங்க வேண்டியிருக்கும்.

ஆறு சக்கர வண்டிக்கு ரப்பர் டிராக் மாட்டியிருக்கிறோம். நேராகப் போனால் ஒன்றுமில்லை, திருப்பினால் இடது பக்கம் கழன்று விழுகிறது. இறுக்கிப் பார்த்தும் நிற்கவில்லை.
– வாசகர், மீஞ்சூர்

இறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் கழல்கிறது என்றால் எனக்குச் சந்தேகம் டிராக்கின் மேல் இல்லை, அந்தப் பக்கத்து டயர்களின் மேல்தான்.

டிராக்கைக் கழற்றி, வண்டியை ஜாக்கியில் தூக்கி, தையல்காரர் டேப்பை எடுத்து ஒவ்வொரு டயரின் நட்டநடுவிலும் சுற்றளவு பிடியுங்கள். சாக்பீஸால் டயரின் மேலேயே எண்ணை எழுதுங்கள். பிராண்டு ஒன்று, அளவு ஒன்று, காற்று ஒன்று என்றாலும் சுற்றளவு ஒன்றாக இருக்காது; பழைய டயர் உப்பியிருக்கும், புதியது உப்பியிருக்காது. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் மூன்றும் செயினால் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை, ஒரே சுற்றுத்தான் சுற்ற முடியும். 180 சென்டிமீட்டர் சுற்றளவில் ஒரு டயர் ஒரே ஒரு சென்டிமீட்டர் பெரியதாக இருந்தாலும் கிலோமீட்டருக்கு ஐந்தரை மீட்டர் வித்தியாசம் வரும். அந்த ஐந்தரை மீட்டரை டிராக் எங்கேயாவது சறுக்கித்தான் தீர்க்க வேண்டும். திரும்புகிற நேரத்தில் பக்கவாட்டுத் தள்ளலும் சேர்ந்தால், டிராக்கை டயரின் மேல் நிறுத்துவதற்காக அதன் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வழிகாட்டிப் பல் டயரின் தோளில் ஏறி வெளியே வந்துவிடும்.

ஆகவே எல்லா டயருக்கும் ஒரே காற்று என்று வைக்காமல் ஒரே சுற்றளவு வருகிற அளவுக்குக் காற்று வையுங்கள். இந்த டயர்களில் காற்று பொதுவாக 2 முதல் 5 பிஎஸ்ஐ. டிராக் மாட்டினால் தயாரிப்பாளர் சொல்கிற அளவுக்குச் சற்று ஏற்றிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பும்போது டயர் மடங்கி டிராக் நழுவும். பெட்ரோல் பங்க் கேஜை நம்பவே கூடாது, 30, 40 பிஎஸ்ஐக்குச் செய்த முள் 3-க்கும் 4-க்கும் வித்தியாசம் காட்டாது. 0 முதல் 10 வரைக்குமான கேஜ் தனியாகக் கிடைக்கும், வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள். காற்றுப் பிடிக்கச் சைக்கிள் பம்பே போதும்.

இறுக்கம் எவ்வளவு? இரண்டு டயருக்கு நடுவே மேல் டிராக் லேசாகத் தொய்ந்து நிற்க வேண்டும், வீணைத் தந்தி போல விறைப்பாக நின்றால் பேரிங் சீக்கிரம் போய்விடும். சேற்றில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்பவும் பாருங்கள், ஏனென்றால் உள்ளே அப்பிய சேறு தன் பங்குக்கு இறுக்கியிருக்கும். கரைச் சரிவில் குறுக்காக ஓட்டுவதையும் சரிவிலேயே திருப்புவதையும் விட்டுவிட்டு, நேராக ஏறி நேராக இறங்கினால் பாதித் தொல்லை அன்றோடு போகும். டயர் சுற்றளவு சரியாக இருந்தும் கழன்றால், அந்தப் பக்கத்து அச்சு வளைந்திருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். வளைந்த அச்சு டேப் இல்லாமலே கண்ணுக்குத் தெரியும்.

இறக்குமதி டிராக் விலை கட்டுப்படியாகவில்லை. கன்வேயர் பெல்ட்டை வெட்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாங்களே செய்துகொள்ளலாமா?
– வாசகர், அம்பத்தூர்

தாராளமாக. அம்பத்தூரில் இருந்துகொண்டு இதைக் கேட்பதே எனக்குச் சந்தோஷம். பெல்ட், பிளாஸ்டிக் பலகை, டிரில்லிங், டர்னிங் எல்லாம் சைக்கிள் தூரத்தில் கிடைக்கிற இடம். பெல்ட் பட்டையில் குறுக்குக் கட்டை போட்டு முடுக்குகிற முறை வெளிநாட்டிலும் கைவேலைக்காரர்கள் செய்வதுதான்.

துணி அடுக்கு வைத்த பெல்ட்டாக எடுங்கள், உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிற பெல்ட் வேண்டாம், அது இந்தச் சின்ன டயரைச் சுற்றி வளையாது. பழைய பெல்ட் வாங்கினால் ஒரு துண்டைப் பின்பக்கமாக மடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை போல வெடிப்பு வரிசையாகத் தெரிந்தால் வெயிலும் காற்றும் அதை ஏற்கெனவே தின்றுவிட்டன, எடைக்குப் போட்டாலும் வாங்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று பட்டை வரும், அவை எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒரே பெல்ட்டிலிருந்து, ஒரே நாளில், ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் துளை போடுங்கள். ஒரு பட்டை அரை விரல் நீளமானாலும் டிராக் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும்.

குறுக்குக் கட்டைக்கு அலுமினியம் சேனல் போடலாம் என்று பலரும் சொல்வார்கள். ஏரித் தண்ணீர் என்றால் சரி. எண்ணூர், பழவேற்காடு என்று உப்புத் தண்ணீர் பக்கம் போகிற வண்டிக்கு வேண்டாம், அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் உப்பு நீரில் சேர்ந்தால் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரித்துத் துளை பெரிதாகிவிடும். பாலிஎத்திலீன் கட்டையும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நல்ல ஜோடி. கறுப்பு நிறப் பாலிஎத்திலீனாகக் கேளுங்கள், அதில் கலந்த கரி நம்மூர் வெயிலைத் தாங்கும். போல்ட்டின் தலை டயர் பக்கம் வர வேண்டும், அந்தத் தலை வழுவழுவென்று உருண்டையாக இருக்க வேண்டும். நட்டும் மீதி மரையும் வெளிப்பக்கம். மாற்றி மாட்டினால் மரை டயரை ரம்பம் போல அறுக்கும். நட்டு, நைலான் வளையம் வைத்த ரகமாக இருக்கட்டும். புதுப் பட்டை முதல் சில ஓட்டங்களில் நீளும் என்பதால், இணைக்கிற இடத்தில் ஒரு கட்டையைக் கழற்றிச் சுருக்க வழி வைத்தே செய்யுங்கள்.

நீலாங்கரை கடற்கரை மணலில் ஓட்ட எந்த டிராக் சரி?
– வாசகர், நீலாங்கரை

மணலுக்கு டிராக் வேண்டாம் என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கடற்கரையில் டயரோடும் ஓட்டாதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் அங்கேதான் ஏறி முட்டையிடுகின்றன. முட்டைக் குழி மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. வண்டித் தடத்தின் பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏறி வர முடியாமல் கடலுக்குப் போகும் திசையை விட்டுத் தடத்தோடேயே நடந்து செத்துப் போகும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் இதே பதில்தான், அது பறவைகளின் இடம், 2022-லிருந்து சதுப்பு நிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. ஓட்டிப் பழக வேண்டுமென்றால் சொந்த நிலமோ, உரியவர் அனுமதி கொடுத்த பண்ணையோ பாருங்கள், அதுவரை வண்டி ட்ரெய்லரில் போகட்டும்.

உப்புத் தண்ணீரில் ஓட்டிய பிறகு டிராக்கை என்ன செய்வது?
– வாசகி, எண்ணூர்

அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுநாளைக்கு என்று வைக்காதீர்கள். டிராக்கைத் தளர்த்தி டயர் சந்தில் இருக்கிற சேற்றை முழுக்க எடுக்க வேண்டும், காய்ந்துவிட்டால் உளி வைத்துத்தான் எடுக்க முடியும். எண்ணூர் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியது உங்களுக்கு மறந்திருக்காது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி உப்பிவிடும் என்பதால், டிராக்கில் கறுப்புப் பிசுக்கு தெரிந்தால் சோப்பு நுரை போட்டு அன்றே தேய்த்து எடுங்கள். பெட்ரோல், டீசல் ஊற்றித் துடைக்காதீர்கள், அது இன்னும் மோசம். அப்புறம் அச்சு பேரிங்குகளுக்குக் கிரீஸ் கன்னால் அழுத்துங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் கலந்த கிரீஸ் வெளியே வரும், சுத்தமான கிரீஸ் பிதுங்குகிற வரை விடக்கூடாது.